பொலேரோ, சுமோ, பழைய இன்னோவா: ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு மாட்டுவது எப்படி?

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டி மரக்காணம் பக்கம் ராத்திரி ஓட்டியவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்து விலகிய மறுநொடி, ஓரமாக நிற்பது மாடா, சைக்கிளா, ஆளா என்று நம் வண்டி ஹெட்லைட்டில் புரியாது. மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னால் ஒரே பதில்தான்: “எல்.இ.டி. போட்டுருங்க சார், பகல் மாதிரி இருக்கும்.”

பகல் மாதிரி இருக்கும்தான். ஆனால் பல வண்டிகளில் அந்தப் பகல் எதிரே வருகிறவருக்குத்தான் கிடைக்கிறது. ஓட்டுகிறவருக்கு பம்பருக்கு முன்னால் பத்தடி வெள்ளையாகத் தெரியும். அதற்கு அப்பால் பழைய இருட்டே இருக்கும். பல்பை மாற்றுவது அரை மணி நேர வேலை. வெளிச்சத்தை விழ வேண்டிய இடத்தில் விழ வைப்பதுதான் உண்மையான வேலை. பலரும் அதைச் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் வண்டிகளுக்கு, அதிலும் எச்4 பல்பு போடும் வண்டிகளுக்கு. பொலேரோ, சுமோ, பழைய இன்னோவா என்று நம்மூரில் ஓடும் யூட்டிலிட்டி வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். ஒரே பல்புக்குள் டிம், பிரைட் இரண்டும் இருக்கும். பின்பக்கம் மூன்று பின். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று தனித்தனி பல்பு இருந்தால் அது எச்7 அல்லது வேறு வகை. கழற்றிப் பார்த்தால் பல்பின் அடிப்பாகத்திலேயே எழுதியிருக்கும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு அந்த எழுத்தை நம்புங்கள்.

முதலில் சட்டம்

இதைக் கடைசியில் சிறிய எழுத்தில் சொல்வது நியாயமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். பல விளக்குகளில் எச்.சி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். எச் என்றால் ஹாலஜன், சி என்றால் டிம், ஆர் என்றால் பிரைட். அதாவது அந்த விளக்குக்கு அனுமதி கிடைத்ததே ஹாலஜன் பல்போடுதான். உள்ளே எல்.இ.டி. போட்டால் அந்த அனுமதிக்கு வெளியே போய்விடுகிறோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-ஆம் விதி கண் கூசுவதைப் பற்றியது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அந்த உயரத்தில் யார் கண் இருக்கும் என்று யோசித்தால், எதிரே பைக்கில் வருகிறவர் நினைவுக்கு வருவார்.

மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, எல்.இ.டி. பக்கமே போகாதீர்கள். எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கும்போது ஹெட்லைட்டால் எஃப்.சி. நின்றுபோனால், ஒரு நாள் ஓட்டமும் போய்விடும். அடுத்த பகுதியில் சொல்லும் வேலையே உங்களுக்குப் போதும். சொந்த வண்டிக்காரர்கள், விஷயம் தெரிந்து முடிவெடுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது. வெட்டினால் மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டியை மறுக்கக் காரணம் கொடுத்த மாதிரி ஆகும்.

இருக்கிற ஹாலஜன் சரியாக எரிகிறதா?

மங்கலான ஹெட்லைட்டுக்குப் பல நேரம் பல்பு காரணமே இல்லை. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மொத்தக் கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த்து என்று வழியெல்லாம் வோல்டேஜ் குறையும். ஹாலஜன் இதில் ரொம்ப ரோஷக்காரன். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வேலைக்கு அது தாராளம். இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 13.8-லிருந்து 14.2 வரை இருந்தால் நல்லது. அடுத்து, பல்பு மாட்டி எரியும் நிலையிலேயே, கப்ளரின் (பல்பின் பின்களில் சொருகும் ஒயர் முனை) பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அங்கே அளவெடுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். ஒன்றரை, இரண்டு வோல்ட் காணாமல் போயிருந்தால் திருடன் ஒயரிங்கில் இருக்கிறான். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் குறையாது. புதியவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

எர்த்தையும் தனியாகப் பாருங்கள். கப்ளரின் எர்த்து முனைக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே, லைட் எரியும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாடி எர்த்து போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்குங்கள். கடற்காற்று படும் திருவான்மியூர், எண்ணூர் பக்கத்து வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

ஒயரிங் பக்கம் குறை என்றால் ஹெட்லைட் ரிலே கிட் வாங்கிப் போடலாம் (ரிலே என்பது சின்னக் கரண்டில் தட்டி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் நேராக பல்புக்குப் போகும். பழைய கப்ளர் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். கப்ளரோடு கப்ளர் சேர்வதால் எதையும் வெட்ட வேண்டாம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவழியில் வைத்தால், ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற ஆளில்லை.

கண்ணாடியையும் மறக்க வேண்டாம். நம் வெயிலில் நிற்கும் வண்டியின் பிளாஸ்டிக் லென்ஸ் சில வருடங்களில் மஞ்சளாகி மங்கிவிடும். தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 என்று படிப்படியாக நைஸான உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டால் வெளிச்சம் திரும்பும். பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். மேலே புற ஊதாக் கதிர் தடுக்கும் கோட்டிங் வேண்டும். பழைய மாடல் கனத்த கண்ணாடி லென்ஸ் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தால் எந்த பல்பு போட்டும் பயனில்லை, விளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்து, புதிய நல்ல எச்4 ஹாலஜன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிலிப்ஸ், ஓஸ்ராம், பாஷ் நிறுவனங்கள் அதே 60/55 வாட்டில், சாலையில் கூடுதல் தூரம் வெளிச்சம் விழும்படி செய்யப்பட்ட பல்புகளை விற்கின்றன. சட்டப்படியும் தொல்லையில்லை. நகரத்துக்குள், தாம்பரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் நடுவே ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 100/90 வாட் ஹாலஜன் வாங்கச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும், ஒயர் கருகும்.

பல்புக்குள் என்ன நடக்கிறது

எச்4 ஹாலஜனுக்குள் இரண்டு இழைகள். லென்ஸ் பக்கம் இருப்பது டிம் இழை, அதன் அடியில் சிறிய உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும், அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டுக் கீழ்நோக்கிச் சாலைக்கு வரும். பின்னால் உள்ள பிரைட் இழைக்குக் கிண்ணம் கிடையாது. எனவே ரிஃப்ளெக்டர் முழுவதும் வேலை செய்யும். டிம்மில் சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே ஒரு வெட்டுக்கோடு தெரியும். கோட்டுக்கு மேல் இருட்டு, கீழே வெளிச்சம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறும். நடைபாதையும் ஊர்ப்பெயர்ப் பலகையும் தெரிவதற்காக.

இழை ஓர் அரிசி நொய் அளவுதான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த நொய் இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்து வார்க்கப்பட்டது. வெளிச்சம் பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், 50 மீட்டருக்கு அப்பால் சாலையில் அது மீட்டர் கணக்கில் விலகும். ஆகவே எல்.இ.டி. பல்பு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் ஒளி தரும் சில்லு (சிப்) இழை இருந்த இடத்திலேயே, அதே அளவில், அதே மெல்லிசாக இருக்கிறதா?’ என்பதுதான். மூன்று பக்கம், நான்கு பக்கம் சில்லு ஒட்டிய தடித்த குச்சி பல்புகள் எட்டுத் திசையும் ஒளி வீசும். ரிஃப்ளெக்டருக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது.

ஜெர்மனியில் 2020-இல் ஓஸ்ராமின் எல்.இ.டி. மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அதுகூட எல்லா வண்டிக்கும் இல்லை. எந்த வண்டி, எந்த மாடல் ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியலில் சேர்த்ததற்கு மட்டும். அட்டைப்பெட்டியில் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால், ஹோல்டருக்குள் நுழையும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை.

கடையில்

ராயப்பேட்டையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, எல்லோரும் சொல்வது போல ஜி.பி. ரோடு, இதற்கான இடம். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பெயர் போனது. உடைந்த கிளிப், ஹெட்லைட் பின்மூடி, முழு விளக்கு தேடினால் அங்கே போகலாம். பல்பு மட்டும் பழையதாக வாங்காதீர்கள். வாரநாள் காலையில் போங்கள், மாலையில் கடைக்காரருக்குப் பெட்டியைத் திறந்து காட்டப் பொறுமை இருக்காது.

பெட்டியில் 200 வாட், 20,000 லுமன் (வெளிச்சத்தின் அளவு) என்று இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு எச்4 ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லுமனும் பிரைட்டில் சுமார் 1,650 லுமனும் கொடுக்கும். உலகத் தரக் கணக்கு அது. உருப்படியான எல்.இ.டி. பல்பு ஒன்று 20, 25 வாட் இழுக்கும், ஏறக்குறைய இரண்டு ஆம்பியர். அதுவே ஹாலஜனைவிடக் கூடுதல் வெளிச்சம் தரும். பெட்டியில் எழுதியிருக்கும் 200 வாட்டை ஒரு விரல் தண்டி பல்பு உண்மையிலேயே இழுத்தால் சில நிமிடங்களில் எரிந்துபோகும்.

கையில் எடுத்துப் பாருங்கள். சில்லு இரண்டு பக்கம் மட்டும் இருக்க வேண்டும். நடுத்தகடு மெல்லிசாக இருக்க வேண்டும். டிம் சில்லுக்கு அடியில் கிண்ணம் இருக்க வேண்டும். மூன்று காது கொண்ட காலர், அதாவது பல்பை ஹெட்லைட்டில் பிடிக்கும் வளையம், தனியாகக் கழன்று வர வேண்டும், மாட்டும்போது அது ரொம்ப உதவும். காலரைக் கொஞ்சம் சுழற்றிச் சின்ன ஆலன் ஸ்க்ரூவால் இறுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் ஃபேன் அல்லது தடித்த ஹீட் சிங்க் (சூட்டை வெளியே கடத்தும் உலோகம்) வேண்டும். எல்.இ.டி. முன்பக்கம் சூடு வீசாது, அடிப்பாகம்தான் கொதிக்கும். கத்திரி வெயிலில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் அந்த அடிப்பாகம் ஆற வழியில்லாவிட்டால், சில்லின் ஆயுசு குறையும். வண்டியின் ஹெட்லைட் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு ஸ்கேலில் அளந்துகொண்டு போங்கள். பேட்டரிப் பக்கத்து விளக்கில் ஃபேன் பேட்டரியில் முட்டுவது சகஜம்.

நிறத்தில் 6,500 கெல்வின் நீல வெள்ளையைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஹாலஜன் சுமார் 3,200. நீலம் கலந்த வெளிச்சம் காய்ந்த சாலையில் பளிச்சென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கறுப்புத் தாரில் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். 4,300 அளவில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பில் வாங்குங்கள். பெரிய பிராண்டுகளின் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. வாரண்டி எழுதிக்கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மூன்று பின்னில் பொதுவாக இருப்பது எர்த்து இல்லை, பாசிடிவ். சுவிட்ச் நெகடிவ் பக்கத்தை இணைக்கும். சாதாரண எல்.இ.டி. அங்கே எரியாது, அல்லது டிம்மும் பிரைட்டும் குழம்பும். இரண்டு அமைப்புக்கும் வேலை செய்கிற டிரைவர் (எல்.இ.டி.க்குக் கரண்டைச் சீராகக் கொடுக்கும் சர்க்யூட்) கொண்ட பல்பு வேண்டும்.

கழற்றுவதற்கு முன் சுவரில் கோடு

இந்த ஒரு வேலையைச் செய்யாதவர்கள்தான் பிறகு எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்புவது என்று திண்டாடுவார்கள். சமமான தரையும் வெளிறிய சுவரும் தேடுங்கள். அபார்ட்மெண்ட் கீழ்த்தளம் பார்வைக்குச் சமமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் வடியச் சரிவு வைத்திருப்பார்கள். ஒரு ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது. வண்டி நிற்கும் தரையும் சுவரடியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

டயர் காற்றைச் சரிபார்த்து, பாதி டேங்க் டீசலோடு, ஓட்டுநர் சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். வழக்கமாகப் பின்னால் சரக்கு ஏற்றுகிறவர் என்றால் அந்தச் சரக்கோடு செய்யுங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். உள்ளே ஹெட்லைட் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். விளக்கிலிருந்து சுவருக்கு 5 மீட்டர். தரையிலிருந்து விளக்கு மையத்தின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு நீளக்கோடு ஒட்டுங்கள்; பெயிண்டர் டேப் போதும். ஒவ்வொரு விளக்குக்கும் நேரே ஒரு செங்குத்துக் கோடு.

இப்போது பழைய ஹாலஜனை டிம்மில் எரியவிட்டு, வெட்டுக்கோடு எங்கே விழுகிறது, இடப்பக்கம் எங்கே ஏறுகிறது என்று வேறு நிற டேப்பில் குறித்து, போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். பிரைட்டுக்கும் ஒரு படம். கம்பெனி விரும்பிய வெளிச்சம் அந்தப் படத்தில் இருக்கிறது. இனி வரும் எல்.இ.டி. அதைப் போல இருக்க வேண்டும்.

மாட்டுவது

லைட்டை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு ஹாலஜனைத் தொடாதீர்கள், ஆறட்டும். பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் பின்னால் கப்ளர் தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரையே பிடித்து லேசாக ஆட்டி இழுங்கள். பிறகு ரப்பர் பூட், அதாவது பல்பின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் உறை. பழைய வண்டியில் அது காய்ந்து விரிசல் விட்டிருக்கும், அப்படியிருந்தால் புதுசு வாங்குங்கள். அதை விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். கம்பி கிளிப்பை உள்நோக்கி அழுத்தி ஓரமாக நகர்த்தினால் பல்பு வெளியே வரும். கிளிப் தெறித்து இன்ஜின் சந்துக்குள் விழுந்தால் அரை நாள் போய்விடும், ஒரு விரலை அதன்மேல் வைத்தே வேலை செய்யுங்கள்.

எச்4-இன் மூன்று காதுகளில் அகலமானது மேலே வரும். எல்.இ.டி.யின் காலரைத் தனியாகக் கழற்றி, முதலில் காலரை மட்டும் ரிஃப்ளெக்டரில் உட்கார வைத்து கிளிப் போடுங்கள். அடுத்து ரப்பர் பூட்டை அதன்மேல் ஏற்றுங்கள். பிறகு பல்பை உள்ளே நுழைத்துத் திருப்பிப் பூட்டுங்கள். ஃபேன் ரப்பர் பூட்டுக்கு வெளியே, காற்றுப் படும்படி இருக்க வேண்டும். மொத்தத்தையும் மூடிக்குள் அடைத்தால் ஃபேன் அதே சூட்டுக் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். சில்லில் கை படக் கூடாது; பட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒற்றுங்கள்.

இரண்டு சில்லுப் பக்கமும் வலது, இடது பார்த்தபடி இருக்க வேண்டும், கிண்ணம் அடியில். கடிகார முள் கணக்கில் சொன்னால் மூன்று மணியும் ஒன்பது மணியும். மேலும் கீழும் பார்த்தபடி மாட்டினால் வெட்டுக்கோடு கலைந்துவிடும். வெளியே டிரைவர் பெட்டி இருந்தால் தொங்கவிடாமல், ஃபேன் பெல்ட்டுக்கும் ரேடியேட்டர் ஹோஸுக்கும் தள்ளி, டேக் (பிளாஸ்டிக் பட்டை) போட்டுக் கட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் தொடாமல், பேட்டரியை இணைத்து எரியவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்று ஒரே சுவரில் ஒப்பிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சுவரைப் பார்த்துத் திருப்புவது

டிம்மில் எரியவிட்டு டேப் குறியோடு ஒப்பிடுங்கள். கோடு கூர்மையாக இருக்கிறதா? இடப்பக்க ஏற்றம் இருக்கிறதா? கோட்டுக்கு மேல் வெள்ளைப் புகை போல வெளிச்சம் கசிகிறதா? கசிந்தால் காலர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பல்பை ஓரிரு டிகிரி இப்படியும் அப்படியும் சுழற்றிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே கோடு தெளிந்துவிடும். எவ்வளவு சுழற்றியும் தெளியவில்லை என்றால் அந்த பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்கு ஒத்துவராது. பில்லோடு திருப்பிக் கொடுங்கள். ‘கொஞ்சம் கீழே இறக்கிட்டா சரியாகிடும்’ என்று கடையில் சொல்வார்கள், ஆகாது. கசிவும் போகாது, தூரத்து வெளிச்சமும் போய்விடும்.

கோடு சரியாக வந்தால் உயரம் பார்க்கலாம். விளக்கின் பின்னால் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், ஒன்று மேல்கீழ், மற்றது இடம்வலம். எது எது என்று கால் சுற்று திருப்பிப் பார்த்தாலே தெரியும். 5 மீட்டரில் வெட்டுக்கோட்டின் சமமான பகுதி, விளக்கு உயரக் கோட்டிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விளக்கின் மேலோ வண்டிப் புத்தகத்திலோ சதவீதக் கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 1 சதவீதம் என்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர். 85 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருக்கும் வண்டியில் 1 சதவீதச் சரிவு வைத்தால் வெளிச்சம் 85 மீட்டரில் தரையைத் தொடும். 2 சதவீதம் ஆக்கினால் 42 மீட்டரிலேயே முடிந்துவிடும். ஸ்க்ரூவின் சிறிய திருப்பத்துக்கு அவ்வளவு பலம்.

ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதை அட்டையால் மறையுங்கள். துணி போட்டு மூடினால் சூடு தேங்கும். பிரைட்டைத் தனியாகத் திருப்ப முடியாது. டிம் சரியாக இருந்தால், பல்பு நன்றாக இருந்தால், பிரைட் தானாகச் சரியான இடத்தில் விழும். பிரைட் மட்டும் வானத்தைப் பார்த்தால் அதுவும் பல்பின் குறைதான்.

சென்னையில் ஒரு காலத்தில் டிராஃபிக் போலீஸே வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சிலர் இன்றும் எல்.இ.டி. போட்டுவிட்டு அதே ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார்கள். ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், வெட்டுக்கோட்டை உண்டாக்காது.

ரோட்டில்

முதல் ஓட்டம் தெரிந்த சாலையில் இருக்கட்டும். நண்பர் ஒருவரை எதிரே பைக்கில் நிற்கச் சொல்லி, டிம்மில் நெருங்கிப் போய், கூசுகிறதா என்று கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வீட்டுக்குத் திரும்பி மறுபடி சுவர்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் தொடர்ந்து நாலு பேர் பிரைட் அடித்துக் காட்டினால், அவர்கள் வம்பு பண்ணவில்லை, தகவல் சொல்கிறார்கள்.

வண்டிக்கு முன்னால் உள்ள பகுதி ரொம்ப வெளுத்திருந்தால் ஏமாற வேண்டாம். அருகில் வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கி, தூரத்தில் உள்ளது தெரியாமல் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது 60, 70 மீட்டர் தள்ளி இடப்பக்க ஓரம்.

வரக்கூடிய தொல்லைகள்

எஃப்.எம். ரேடியோ, லைட் போட்டதும் கரகரத்தால் மட்டமான டிரைவர். டிரைவர் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும், அடங்காவிட்டால் பல்பை மாற்றுங்கள். லைட் துடித்தாலோ, டாஷ்போர்டில் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கை வந்தாலோ, வண்டி கரண்ட் குறைவதைப் பார்த்து ஏமாறுகிறது. அதற்கான டீகோடரை (ஹாலஜன் எரிவது போல வண்டிக்குக் காட்டும் பெட்டி) கப்ளரில் சேர்க்க வேண்டும், அது சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் உலோகத்தில் கட்டுங்கள்.

மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பனி படிந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஹாலஜன் இருந்தபோது அதன் சூடே ஈரத்தை உலர்த்திவிடும், எல்.இ.டி. அதைச் செய்யாது. லேசான மூட்டம் ஓட்டத்தில் போய்விடும். தண்ணீர் துளியாக நின்றால் ரப்பர் பூட் சரியாக உட்காரவில்லை, அல்லது லென்ஸ் சீல் போயிருக்கிறது. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி இடங்களில் முட்டளவு தண்ணீரில் ஓட்டியிருந்தால், மறுநாளே ஃபேன் சுற்றுகிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். ஃபேன் நின்றுபோனாலும் பல்பு சில நாள் மங்கலாக எரிந்துகொண்டுதான் இருக்கும், அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி பானெட்டைத் திறந்து காலர் ஸ்க்ரூ, டேக், கப்ளர் மூன்றையும் பாருங்கள். ஓட்டத்தின் அதிர்வில் ஸ்க்ரூ தளரும். கழற்றிய ஹாலஜன் இரண்டையும் புதுப் பல்பின் பெட்டியிலேயே போட்டு வண்டியில் வையுங்கள். எல்.இ.டி. நடுவழியில் நின்றால் திண்டிவனம் தாண்டி எச்4 ஹாலஜன் எந்தப் பெட்டிக்கடைப் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது.